தளும்பாத சிரட்டை

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஊதுகிற மெஷின் ஒன்று வாங்கி கேட்டில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் குழாயில் ஊத வேண்டும். குடித்திருந்தால் எண் காட்டும், குடிக்காவிட்டால் பூஜ்யம் காட்டும். போன வாரம் அதற்குத் திறப்பு விழா. ஓய்வுபெற்ற ஃபோர்மேன் என்ற முறையில் முதல் ஊதலை நான்தான் ஊத வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஊதினேன். பூஜ்யம். எல்லாரும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இதே மதிப்பெண்ணை நான் வாங்கியபோது ஒருவரும் கைதட்டவில்லை.

புதிதாக வந்திருக்கும் மேனேஜர் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டார்: "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" ஒரு சிரட்டை வைத்திருந்தோம் என்றேன். தேங்காய்ச் சிரட்டையா என்று சிரித்தார். அதற்குமேல் விளக்க நேரமில்லை. கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு காலேஜ் வாத்தியாராகக் கனவு கண்டவன். அந்தக் கனவு எனக்கு வந்ததே தவிர எந்தக் காலேஜுக்கும் வரவில்லை. ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் விருதுநகர், மறு பக்கம் சிவகாசி. விருதுநகர்ப் பக்கம் வேலை இல்லை என்றார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்ட்ரி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். பயிற்சிக் காலத்தில் கற்றது நிறைய. நினைவில் நிற்பது ஒன்றே ஒன்று. ஷெட்டுக்குள் ஒருநாளும் ஓடாதே, ஓட வேண்டி வந்தால் திரும்பிப் பார்க்காதே. மிச்சம் இருந்த வருஷங்களெல்லாம் இதன் முதல் பாதியைப் பிறருக்குச் சொல்லியும், இரண்டாம் பாதிக்கு அவசியம் வராமல் பார்த்துக்கொண்டும் கழிந்தன.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பீடி, சிகரெட் என்ற பேச்சுக்கே இடமில்லாத இடத்தில் மனுஷன் என்ன செய்வான்? மூக்குப்பொடி போடுவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கந்தக நெடிக்கு மாற்றாக ஒரு சிட்டிகை போட்டேன். பிறகு கந்தகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் போட்டேன். பழைய நூல்களில் கள்ளைக் கண்டித்து எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். நான் படித்தவரை மூக்குப்பொடியைக் கண்டித்து ஒரு வரியும் இல்லை. அதை நான் அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன். என் வீட்டம்மா எடுத்துக்கொள்ளவில்லை. என் கைக்குட்டைகளைத் தோய்க்க எங்கள் வீட்டில் தனி வாளி உண்டு. அந்த வாளியை அவள் தொடுவதில்லை.

சிரட்டைக்கு வருகிறேன்.

அப்போது எங்கள் மேனேஜர் குருசாமி சார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கடிகாரம் கிடையாது. உலோகம் உள்ளே வரக்கூடாது என்ற விதியைத் தனக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆளையும் 'வாங்க, போங்க' என்பார். எங்கள் பக்கத்தில் பாதி வேலை 'ஏலே' என்ற ஒரு சொல்லில்தான் நடக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் ஒரு கம்பெனியை நடத்த முடியும் என்று காட்டியவர் அவர்.

காலையில் வேன்கள் வந்து நிற்கும். கேட்டில் பீடி, தீப்பெட்டி, போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். நைலான் சேலை, பாலியஸ்டர் சட்டை கூடாது. பிறகு சுவரில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். சாமி கும்பிடுகிற மாதிரி தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை. எங்கள் கம்பெனியில் நேரடியாகப் பலன் தந்த சாமி அந்தத் தகடுதான்.

மற்றவர்களுக்கு இதோடு சரி. மருந்து கலக்கிறவர்களுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றையும் சல்லடையில் சலித்துக் கலக்கிற வேலை அது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். கை நிதானம்தான் அங்கே முதலீடு. சல்லடையை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தால் போதும். என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. குடித்துவிட்டு வருகிறவனை அந்த ஷெட்டுக்குள் விடக்கூடாது. அதற்காக முந்தைய மேனேஜர் ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்து பார்ப்பாராம். குருசாமி சாருக்கு அது பிடிக்கவில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். போதாக்குறைக்கு வெத்தலையும் கிராம்பும் போட்டுவிட்டால் எந்த மூக்கும் ஏமாந்துபோகும். பொடியால் தேய்ந்த என் மூக்கை இதில் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அதனால் சிரட்டை. வழுவழுவென்று இழைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுப்பார். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காகளா? மாடு கன்னு போட்டுருச்சா? மக பரீட்சை எழுதிட்டாளா?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். கேட்பது மாட்டைப் பற்றி, பார்ப்பது தண்ணீரை. தளும்பாவிட்டால் ஷெட்டுக்கு. தளும்பினால், "இன்னைக்கு லேபிள் பக்கம் இருந்துக்கோங்க" என்பார். கூலி குறையாது, திட்டு கிடையாது. லேபிள் ஒட்டுகிற ஷெட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். மருந்து கலக்கிற ஆள் பசைக் கிண்ணத்தோடு அங்கே போய் உட்கார்ந்தால், அவர்கள் மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவரை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்கள். அதற்குப் பயந்தே பலபேர் ஒழுங்காக இருந்தார்கள்.

நல்ல முறை என்றுதான் நான் நினைத்தேன். பிற கம்பெனி ஃபோர்மேன்கள் விசாரித்தபோது, நானே கண்டுபிடித்தது போன்ற முகபாவத்தோடு விளக்கியும் இருக்கிறேன்.

பொன்னுச்சாமி ஆனைக்குட்டத்துக்காரர். எங்கள் கம்பெனியில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அவர் சலிக்கும்போது பவுடர் கிளம்பாது. மழை பெய்த மறுநாள் மண் படிந்திருப்பது போலப் படியும். அவர் கையில் சிரட்டையைக் கொடுத்தால் தண்ணீரில் மேகம் தெரியும், அவ்வளவு அசையாமல் இருக்கும். "பொன்னுச்சாமி பிடிக்கிறதைப் பாருங்க" என்று குருசாமி சாரே மற்றவர்களிடம் காட்டுவார். அவர் மனைவி முத்துமாரி லேபிள் ஷெட்டில் வேலை. அந்த ஷெட்டில் அவளுக்கு இதனால் ஒரு கெத்து உண்டு. அவள் புருஷன் ஒருநாளும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் கையில் தண்ணீர் தளும்பியது.

தளும்பியது என்பதுகூடச் சரியில்லை. பாதிக்குமேல் கீழே கொட்டிவிட்டது. குருசாமி சார் மாட்டைப் பற்றிக் கேட்டு வாயை மூடுவதற்குள் பொன்னுச்சாமியின் வேட்டி நனைந்துவிட்டது. முகத்தில் வேர்வை. காலை நேரம், காற்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நீண்டுவிட்டது போலிருக்கிறது என்று நான் வாட்ச்மேனிடம் சொல்ல, அவரும் சிரித்தார். குருசாமி சார் சிரிக்கவில்லை. சிரட்டையை வாங்கி மறுபடி நிரப்பினார். மறுபடியும் கொட்டியது. "இன்னைக்கு லேபிள் பக்கம் இருந்துக்கோங்க" என்றார். பொன்னுச்சாமி நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே போனார்.

கொஞ்ச நேரத்தில் லேபிள் ஷெட்டிலிருந்து ஆள் வந்தது, ஃபோர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிடுறாக என்று. போனேன். வழக்கமான கேலி எதுவும் இல்லை. பெண்கள் தலை குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி மட்டும் எழுந்து நின்றாள். கையெல்லாம் பசை. பொன்னுச்சாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் வலது மணிக்கட்டில் புதுச் சிவப்புக் கயிறு ஒன்று இருந்தது. கேட்டில் அத்தனை பேர் பார்த்தும் யார் கண்ணிலும் அது படவில்லை. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். சாமி முன்னால் சத்தியம் செய்து, பூசாரி கையால் கட்டிக்கொண்டால், கயிறு இருக்கும்வரை தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துமாரிதான் அவரைக் கூட்டிப்போய்க் கட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

"நேத்து இவுக ஒரு சொட்டுத் தொடல அண்ணாச்சி" என்றாள். "ராத்திரி பூரா தூங்காம உக்காந்திருந்தாக. குடிச்சிட்டு வந்த நாளெல்லாம் நல்ல கைன்னு உள்ள விட்டீக. குடிக்காம வந்த ஒரு நாள் இங்கன பொம்பளைகளோட உக்கார வச்சிருக்கீக. இது என்ன நியாயம்?"

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். எந்த வாக்கியத்துக்கும் ஒரு சமன்பாடு எழுதிவிடலாம் என்று நம்பி வளர்ந்தவன். அந்த வாக்கியத்தில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது. 'குடிச்சிட்டு வந்த நாளெல்லாம்' என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். முத்துமாரி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். எல்லா நாளும் என்று அதற்கு அர்த்தம்.

குருசாமி சாரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மேஜை மேல் சிரட்டை இருந்தது, மிச்சத் தண்ணீரோடு. அதை எடுத்து வேப்ப மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து கவிழ்த்து வைத்தார். "அப்ப நாம இத்தன வருஷமா யாரை வடிகட்டிட்டு இருந்தோம் ஃபோர்மேன்?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதலாளி வீட்டுக் காரை வரச் சொல்லிவிட்டு, விருதுநகர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்துகிறவர்களுக்கென்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார்களாம், நீங்களே கூட்டிட்டுப் போங்க என்றார். கதவுவரை போனவனை மறுபடி கூப்பிட்டு, "வேலை போயிரும்னு நெனைப்பாரு. போகாதுன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க" என்றார்.

பொன்னுச்சாமி வரமாட்டேன் என்றார். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். முத்துமாரிக்கும் இஷ்டமில்லை. கயிறு கட்டியாகிவிட்டது, சாமி பார்த்துக்கொள்ளும், ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊரே குடிகாரன் என்று பேசும் என்றாள். தினமும் குடித்தபோது பேசாத ஊர் விட்ட பிறகு பேசும் என்று அவள் பயந்தது எனக்கு வினோதமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. எங்கள் ஊர்களில் காய்ச்சலுக்கு மாத்திரை தின்னாதவரை யாருக்கும் காய்ச்சல் கிடையாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே பொன்னுச்சாமி முன்னால் அடுக்கியிருந்த லேபிள்களைக் கையால் தட்டித் தட்டி விட்டார். என்ன செய்றீக என்றேன். எறும்பு என்றார். லேபிளில் எறும்பு எதுவும் இல்லை. முத்துமாரி அதைப் பார்த்தாள். கையைக் கழுவக்கூட இல்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வண்டி எங்க நிக்குது அண்ணாச்சி" என்றாள்.

காரில் அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். பல் கிடுகிடுத்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. "நான் என்ன ரோட்லயா கிடக்கேன் அண்ணாச்சி? ஒருநாள் லீவு போட்டிருக்கேனா? இவளைக் கை நீட்டி அடிச்சிருக்கேனா, கேளுங்க. எம் மச்சானைப் பாத்திருக்கீகள்ல? பஸ் ஸ்டாப்புலயே குடியிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போற ஆளு அவந்தான்."

அந்த மச்சானைப் பிற்பாடு ஒருநாள் சந்தித்தேன். அவர் தன்னைவிட மோசமான ஒருவரைக் கைகாட்டினார், சந்தைப் பக்கம் இருக்கிறாராம். குடிக்கிற ஒவ்வொருவரிடமும் தன்னைவிடக் கீழே ஒரு ஆள் பத்திரமாக இருக்கிறார். அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம்தான் என்றார். காலையில் வேன் வருமுன் ஒரு கட்டிங், சாயங்காலம் போனதும் கொஞ்சம். கடை மதியத்துக்கு மேல்தானே திறக்கும், காலைக்கு எங்கே என்றேன். முந்தின நாளே வாங்கி, மிச்சம் பிடித்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவாராம். சேமிப்பைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். நாளைக் காலைக்கு என்று ஒருநாளும் தவறாமல் எடுத்து வைத்த ஒருவரை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். ஆமத்தூர் வந்தது. என் வீட்டுத் தெரு முனையைக் கார் கடந்தது. வழக்கம்போல ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எங்களை உட்கார வைத்தார். முதலில் பொன்னுச்சாமிக்கு நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். அவர் கைகளை நீட்டியதும் டாக்டரம்மா மேஜையில் இருந்த காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். குருசாமி சார் போலத்தான், மெதுவான பேச்சு. ஆனால் இவர் பார்த்தது ஆளை.

பொன்னுச்சாமி முந்திக்கொண்டார். "நான் ரொம்பக் குடிக்கிறவன் இல்ல டாக்டரம்மா. படுக்கிற அளவுக்கு இது பெருசில்ல."

"எம்புட்டுக் குடிக்கிறீங்கன்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்றார் டாக்டரம்மா. "குடிக்காட்டி என்ன ஆகுதுன்னு சொல்லுங்க."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். நினைத்த அளவோடு நிறுத்த முடிகிறதா? விட முயற்சி செய்து முடியாமல் போயிருக்கிறதா? காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அதுதானா? வரவர அளவு கூடுகிறதா? மறைத்து வைக்கத் தோன்றுகிறதா? வீட்டில் இருப்பவர்கள் கவலைப்பட்டுச் சொன்னால் கோபம் வருகிறதா? பொன்னுச்சாமி ஒவ்வொன்றுக்கும் தயங்கித் தயங்கித்தான் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தயக்கமே இல்லை. என் மடியில் இருந்த பொடி டப்பாவை நினைத்து எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன். பரீட்சையில் இவ்வளவு சரியான விடை நான் எழுதியதே இல்லை.

"எப்பயிருந்து காலையில குடிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பொன்னுச்சாமி என் பக்கம் திரும்பி, என் முன்னால் சொல்லலாமா என்று பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"முன்னாடியெல்லாம் சாயங்காலம் மட்டுந்தான். அப்புறம் காலையில கை லேசா நடுங்க ஆரம்பிச்சுச்சு. கேட்ல செரட்டை பிடிக்கணும். தளும்பிருச்சுன்னா லேபிள் பக்கம். அதுக்காகக் கொஞ்சமா ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்தேன். கை நின்னுச்சு. செரட்டையப் பிடிக்கத்தான் டாக்டரம்மா குடிச்சேன்."

முத்துமாரி அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். சன்னலில் பார்க்க எதுவும் இல்லை.

டாக்டரம்மா விளக்கினார். சாராயம் உடம்பில் தினமும் இருந்து பழகிவிட்டால், அது இல்லாதபோதுதான் உடம்பு நடுங்கும். உள்ளே போனதும் அடங்கும். கை நின்றுவிட்டது என்றால் குணம் என்று அர்த்தமில்லை, நோய் வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலைக்கு வந்தவர்கள் துணையில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த எறும்புகள் அதற்கு முன்னறிவிப்பு. சில நாள் உள்ளே வைத்து மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பயமில்லை. பிறகும் வந்து போக வேண்டும். "ரோட்ல விழுந்தாத்தான் வரணும்னு யார் சொன்னது? இந்தக் கேள்வி உங்க மனசுல வந்த அன்னைக்கே வந்திருக்கலாம். இப்ப வந்ததும் நல்லதுதான்" என்றார்.

பொன்னுச்சாமி மணிக்கட்டைக் காட்டினார். சாமிக்குச் செய்த சத்தியம் இருக்கிறதே, மருந்து சாப்பிட்டால் கயிற்றை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"கயிறு இருக்கட்டும். மனசை அது பிடிச்சுக்கட்டும். நடுக்கத்தை நாங்க பிடிச்சுக்கிறோம்."

ஒரு மாத்திரையும் பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீரும் கொடுத்தார்கள். பொன்னுச்சாமி தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். தளும்பி என் சட்டையில் கொட்டியது. அவர் தம்ளரைப் பார்த்தார், கேட்டில் குருசாமி சார் பார்ப்பாரே, அதே பார்வை. "அண்ணாச்சி, இன்னைக்கு நான் குடிக்கலன்னு மேனேஜர்ட்ட சொல்லிருங்க" என்றார். அவருக்குத் தெரியும் என்றேன். வேலையும் இருக்கிறது என்று அவர் பேரைச் சொல்லிச் சொன்னேன். அதற்கப்புறம்தான் மாத்திரையை விழுங்கினார். "சரி டாக்டரம்மா. படுத்துக்கிறேன்" என்றார்.

எழுந்திருக்கும்போது எனக்குத் தும்மல் வந்தது. நான் தும்மினால் சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்குவது வழக்கம். கைக்குட்டையை மடிப்பதற்குள் டாக்டரம்மா அதன் நிறத்தைப் பார்த்துவிட்டார். "சார், உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடவா?" என்றார். இது அம்புட்டுப் பெருசில்லம்மா என்றேன். "இவரும் கார்ல அதைத்தான் சொல்லிட்டு வந்திருப்பாரு" என்றார். முத்துமாரி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். பொன்னுச்சாமிகூடச் சிரிக்கப் பார்த்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. பொன்னுச்சாமி தெளிந்து வந்தார். தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கடியில் ஒருநாள் சறுக்கினார். கயிறு மணிக்கட்டிலேயே இருக்க, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குடித்தாராம். ஆனால் இந்தத் தடவை பெருசா சிறுசா என்று யாரிடமும் கேட்கவில்லை; தானே பஸ் ஏறி விருதுநகர் போய்விட்டார். மருந்து கலக்கிற வேலைக்கு அவர் திரும்பவில்லை, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கேட்டில் வேலை கேட்டார். குருசாமி சார் கொடுத்தார்.

சிரட்டையையும் குருசாமி சார் எறிந்துவிடவில்லை. தளும்பினால் அன்றைக்கு ஷெட்டுக்குள் போகக்கூடாது என்பது அப்படியே இருந்தது. நடுங்குகிற கை எந்தக் காரணத்தால் நடுங்கினாலும் வெடிமருந்துக்கு ஒன்றுதான். ஆனால் அதற்குப் பிறகு சிரட்டையைக் கொடுத்துவிட்டு மாட்டைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனியாகத் தள்ளிக் கூட்டிப்போய், தளும்பினாலும் தளும்பாவிட்டாலும், "காலையில எந்திரிச்சதும் உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார். பதில் சொல்கிறவரை நிற்பார். சிலபேரை நானே கூட்டிக்கொண்டு விருதுநகர் போனேன். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா என் கைக்குட்டையை ஒரு பார்வை பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் நான் அதை வேகமாக மடித்துக்கொள்வேன்.

நான் ஓய்வுபெற்றபோது தொழிலாளிகள் சேர்ந்து எனக்கு ஒரு வெள்ளிப் பொடி டப்பா பரிசளித்தார்கள். உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாத கம்பெனியில் ஒரு மனுஷனிடம் 'இனி வராதீர்கள்' என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

போன வாரம் விழாவுக்குப் போனபோது கேட்டில் அந்த டப்பாவைத் தட்டில் வைக்கச் சொன்னவர் பொன்னுச்சாமிதான். மணிக்கட்டில் கயிறு வெளிறிப்போய் நூலாகத் தொங்கியது. விழாவில் எனக்குப் பிறகு தொழிலாளிகள் வரிசையாக ஊதினார்கள். ஒருவர் ஊதும்போது குழாய் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்டது. மெஷின் பூஜ்யம் காட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். பொன்னுச்சாமி தட்டவில்லை. அந்த ஆளின் தோளைத் தொட்டு, "ஏலே, சாப்பிட்டியா? வா, செத்த அங்கன உக்காருவோம்" என்று வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசியது அதிகமும் அந்த ஆள்தான்.

எனக்கு மேடையில் நாற்காலி. மேனேஜர் பேசினார், முதலாளி மகன் பேசினார். என் கை இடுப்பு மடிப்புக்குப் போய்ப் போய் வெறுமையாகத் திரும்பியது. காது சூடேறியது. வயசாகிவிட்டதால் பேச்சுகள் சலிக்கின்றன என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, உடம்பு பொடியைக் கேட்கிறது என்று. கொஞ்ச நாளாகக் கைக்குட்டையில் பழுப்போடு சிவப்பும் தெரிகிறது; வெயில் காலம், சூடு என்று வீட்டம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தவன் சொன்னால் நம்புவாள் என்று ஒரு நம்பிக்கை. அவள் அந்த வாளியை இப்போது தினமும் எட்டிப் பார்க்கிறாள்.

கேசரியை முடித்துவிட்டுக் கேட்டுக்கு வந்து டப்பாவைக் கேட்டேன். பொன்னுச்சாமி தட்டிலிருந்து எடுத்தார். கொடுக்கவில்லை.

"தாரேன் அண்ணாச்சி, உங்க சாமான்தானே. இது இல்லாம உள்ள எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லிட்டு வாங்கிக்கோங்க."

குருசாமி சாரிடம் பாடம் கேட்டவர். பதில் வரும்வரை நின்றார். எனக்குத் தெரிந்த எல்லா வேடிக்கைப் பதில்களும் நாக்கில் வந்து நின்றன. அந்த முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை.

"நல்லா இல்ல" என்றேன்.

"ம்" என்றார். டப்பாவை என் கையில் வைத்தார். "சாயங்காலம் வரைக்கும் டாக்டரம்மா இருப்பாக."

பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். "ஆமத்தூர்தானே அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

விருதுநகர் என்றேன்.

"விருதுநகர்ல என்ன விசேஷம்?"

"தும்மல்" என்றேன். ஆமத்தூர் வந்தபோது பழக்கத்தில் எழுந்துவிட்டேன். மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.